கயிறு தொங்கினால் மட்டும் போதாது: குழு வேலை ஓர் ஆலையின் குணத்தை மாற்றும் விதம்

கார் ஆலையின் அசெம்பிளி லைனில் ஒருவர் சீட் பொருத்திக்கொண்டிருக்கிறார். ஒரு காருக்கு அவருக்குக் கிடைப்பது சுமார் 60 வினாடி. நான்கு போல்ட் முடுக்க வேண்டும். மூன்று சரியாக ஏறிவிட்டன. நான்காவதில் மரை கோணலாகப் பிடித்துக்கொண்டது. பாதி உள்ளே போனதும் டூல் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது 20 வினாடி. கார் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பின்னால் அடுத்த கார் வந்துகொண்டிருக்கிறது.

அவர் முன்னால் மூன்று வழிகள். அப்படியே விட்டுவிட்டு அடுத்த காருக்குப் போகலாம். கடைசியில் இன்ஸ்பெக்ஷனில் யாராவது பிடிப்பார்கள், பிடிக்காவிட்டால் வாங்கியவர் தலையெழுத்து. பலம் போட்டு முடுக்கி, மேலே பிளாஸ்டிக் மூடியைப் பொருத்திவிடலாம், வெளியே தெரியாது. அல்லது தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து, இங்கே ஒரு கோளாறு என்று எல்லாருக்கும் தெரியும்படி சொல்லலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பார்? அவருடைய நேர்மைக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் போன வாரம் பக்கத்து ஆள் கயிற்றை இழுத்தபோது என்ன நடந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு. லீடர் வந்து குனிந்து பார்த்தாரா, அல்லது "யாருய்யா லைனை நிறுத்தினது?" என்று தூரத்திலிருந்து குரல் வந்ததா? பணியிடக் கலாச்சாரம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இந்த ஒரு நிமிடம்தான் தெரியும். வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் கொள்கைப் பலகைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

குழு வேலை இந்த ஒரு நிமிடத்தை எப்படி மாற்றுகிறது என்று காட்ட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆட்களும் மாறியிருப்பார்கள், இடமும் மாறியிருக்கும், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே கட்டடம், பெரும்பாலும் அதே ஆட்கள், அதே சங்கம், நிர்வாக முறை மட்டும் வேறு என்று அமைந்த இடம் ஒன்று இருந்தது.

ஃப்ரீமாண்ட்: ஒரே கட்டடம், இரண்டு குணம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் ஆலையைக் கட்டியது. 1982-இல் அதை மூடியது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆலை வாங்கிய கெட்ட பெயர் கொஞ்சநஞ்சமல்ல. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சகஜம். வேலை நேரத்திலேயே குடி. தீராமல் கிடந்த புகார் மனுக்கள் ஏராளம். நிர்வாகத்தின் மேல் இருந்த ஆத்திரத்தில் கார் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவதும் நடந்திருக்கிறது. வண்டி வாங்கியவருக்கு எங்கிருந்து கடகடக்கிறது என்றே தெரியாது. பின்னாளில் அங்கே வேலை பார்த்தவர்களே சொன்ன விஷயம் இது. லைனை நிறுத்தக் கூடாது என்பது முதல் விதி. தவறான உதிரிபாகம் பொருத்தப்பட்டாலும் கார் நகர வேண்டும். பிறகு வெளியே முற்றத்தில் நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம்.

1984-இல் அதே கட்டடத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நம்மி என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அமெரிக்கத் தொழிலாளர்களோடும் அவர்களுடைய சங்கத்தோடும் வேலை செய்து பழக டொயோட்டாவுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சின்னக் காரை நஷ்டமில்லாமல், தரமாகச் செய்யும் வித்தை ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தேவைப்பட்டது. ஆரம்பத்தில் எடுத்த தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆலையில் இருந்தவர்கள். பெயர் கெட்டுப்போன அதே ஆட்கள். கொஞ்ச காலத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் தரத்தில் முன்னணிக்கு வந்தது ஃப்ரீமாண்ட். வேலைக்கு வராதோர் அளவு 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் வாக்கில் இறங்கியது.

லைன் திறக்கும் முன் லீடர்கள் நூற்றுக்கணக்கானோரை ஜப்பானில் உள்ள டக்காவோக்கா ஆலைக்கு அனுப்பி, அங்கே லைனிலேயே நிற்க வைத்துப் பழக்கினார்கள். அந்தப் பயிற்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ஷூக் பின்னர் சொன்னதன் சாரம் இது: ஆட்களின் மனப்பான்மையை முதலில் மாற்றிவிட்டு அதன் வழியே நடத்தையை மாற்றலாம் என்று கிளம்பினால் காரியம் ஆகாது, வேலை செய்யும் முறையை மாற்றுங்கள், மனம் பின்னால் வரும். டீம் பில்டிங் என்று ஏற்காட்டுக்கு பஸ் ஏற்றி, ஒரே நிற டிஷர்ட் மாட்டி, கயிறு இழுக்கும் போட்டி வைத்துத் திரும்பும் நிறுவனங்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகின்றன. சுற்றுலா போவதில் தப்பில்லை. திங்கட்கிழமை காலை லைனில் எதுவும் மாறியிருக்காது, அவ்வளவுதான்.

கயிறு உண்மையில் செய்யும் வேலை

இந்தக் கயிறும் விளக்கும் சேர்ந்த ஏற்பாட்டை ஜப்பானியர்கள் ஆண்டான் என்கிறார்கள். பழைய காலத்துக் காகித விளக்குக்கு அங்கே அந்தப் பெயர். கயிற்றை இழுத்தால் மேலே பலகையில் அந்த இடத்தின் எண் மஞ்சளாக எரியும், கூடவே ஒரு சின்ன இசை ஒலிக்கும். இப்போது பல ஆலைகளில் கயிறு போய் பட்டன் வந்துவிட்டது. வேலை ஒன்றுதான்.

புதிதாகக் கேட்பவர்கள் இங்கே ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இழுத்த உடனே லைன் நிற்காது. தரையில் ஒவ்வொரு வேலையிடத்துக்கும் ஒரு முடிவுக் கோடு போட்டிருக்கும். நம் சீட் ஆள் கயிற்றை இழுத்ததும், கார் அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் டீம் லீடர் வந்து சேர வேண்டும். வந்து, மரை கெட்ட போல்ட்டைக் கழற்றி வேறு ஒன்றைப் போட்டு முடுக்கிவிட்டால் கயிற்றை மறுபடி இழுப்பார். விளக்கு அணையும், லைன் நிற்காமலே ஓடும். முடியாவிட்டால் கார் கோட்டைத் தொட்டதும் நிற்கும், விளக்கு சிவப்பாகும். அந்தக் கோட்டில் நிற்பதால் மற்ற இடங்களில் இருப்பவர்களும் தங்கள் சுற்றை முடித்திருப்பார்கள். யாருடைய போல்ட்டும் பாதியில் தொங்காது. நிற்பதும் மொத்த ஆலை அல்ல, லைனின் அந்தத் துண்டு மட்டும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே சில கார்கள் கையிருப்பாக இருக்கும்.

ஆக, இழுக்கப்படும் கயிறுகளில் பெரும்பாலானவை லைனை நிறுத்துவதே இல்லை. ஒருவரை வரவழைக்கின்றன. இதில் யோசிக்க வேண்டியது அந்த வருகிற ஆளைப் பற்றித்தான்.

வருவதற்கு ஒரு கை சும்மா இருக்க வேண்டும்

நம்மியில் ஒரு குழு என்றால் ஐந்தாறு பேரும் ஒரு டீம் லீடரும். நாலைந்து குழுக்களுக்கு மேல் ஒரு குரூப் லீடர். டீம் லீடரும் மணிநேரச் சம்பளம் வாங்கும் சங்க உறுப்பினர்தான். அவருக்கு லைனில் நிலையான இடம் கிடையாது. கயிறு இழுபட்டால் போவது, அவசரத்துக்கு ஒருவர் வெளியே போனால் அந்த இடத்தில் நிற்பது, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது, இதெல்லாம் அவர் வேலை.

ஏன் ஐந்து பேர், ஏன் இருபது இல்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் அரை மணிக்கு ஒருமுறை ஏதோ ஒரு சிக்கல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாகம் பொருந்தவில்லை, ஸ்டாக் தீர்ந்துவிட்டது, டூல் சரியில்லை, ஏதோ ஒன்று. ஐந்து பேர் என்றால் மணிக்கு பத்து அழைப்பு, ஆறு நிமிடத்துக்கு ஒன்று. ஒரு லீடரால் சமாளிக்க முடியும். இருபது பேருக்கு ஒரு சூப்பர்வைசர் என்றால் மணிக்கு நாற்பது, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் பாதி அழைப்புக்குப் போக முடியாது. போகாத அழைப்பு இரண்டு மூன்று ஆனதும் கூப்பிடுவதை ஆட்கள் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் 'எங்க ஆளுங்க வாயைத் திறந்து சொல்லவே மாட்டாங்க, கலாச்சாரமே சரியில்லை' என்று மேலே பேசிக்கொள்வார்கள்.

குழு வேலை தோற்கிற இடங்களில் பாதிக்குமேல் இங்கேதான் தோற்கிறது என்பது எங்கள் கணிப்பு. தொடங்கும்போது லீடரைத் தனியாக விட்டிருப்பார்கள். இரண்டாம் மாதம் ஒருவர் லீவு. லீடரை லைனில் நிறுத்துவார்கள், இன்றைக்கு மட்டும் என்று. மூன்றாம் மாதம் அவர் நிரந்தரமாக லைனில் நிற்பார், லீடர் என்ற பட்டை மட்டும் கையில் இருக்கும். கயிறு அதே இடத்தில் தொங்கும், பலகை அதே இடத்தில் எரியும், கூப்பிட்டால் வர ஆள் இருக்காது. செலவுக் கணக்கில் 'சும்மா நிற்கிற ஆள்' என்று தெரிகிறவர்தான் அந்த முழு ஏற்பாட்டின் அச்சாணி. அவருக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாதவர்கள் கயிறு வாங்காமல் இருப்பதே மேல்.

நம்மியைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளிலும் குழு முறையைக் கொண்டுவரப் பார்த்தது. தெற்கு கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் ஆலையில் அது தொழிலாளர்களையே இரண்டாகப் பிரித்தது. வேலைத் தரவரிசையில் சீனியாரிட்டியால் கிடைத்த பிடி போய்விடும் என்று ஒரு பகுதியினர் பயந்தார்கள். அந்தப் பயம் வெறும் பிடிவாதம் அல்ல. 1992-இல் அந்த ஆலையை மூடினார்கள். கருவிகளைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய் அப்படியே மாட்டிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடுகளை அப்படிக் கொண்டுபோக முடியாது.

அந்த ஏற்பாடுகளில் ஒன்று வேலை உத்தரவாதம். 1980-களின் பிற்பகுதியில் நம்மி தயாரித்த கார் சரியாக விற்கவில்லை; ஆலை தன் திறனில் சுமார் 60 சதவீதத்தில்தான் ஓடியது. ஆட்குறைப்பு செய்யாமல், மிச்சமிருந்தவர்களைப் பயிற்சிக்கும், முன்பு வெளியே கொடுத்த வேலைகளைத் தாங்களே செய்யவும் அனுப்பினார்கள். ஒரு யோசனை சொல்லி அதனால் ஒரு ஆள் மிச்சமானால் அந்த மிச்ச ஆள் நானாகவோ என் பக்கத்தில் நிற்பவராகவோ இருப்பேன் என்று தெரிந்தால், யார் யோசனை சொல்வார்கள்? மேலாளர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை, தனி பார்க்கிங் என்பதையும் எடுத்துவிட்டார்கள். இது அலங்காரம் மாதிரித் தெரியும். ஆனால் சாம்பார் வாளி ஒன்றாக இருக்கும் இடத்தில் கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்ற புகார் சீக்கிரம் தீரும்.

வேலையை மாற்றி மாற்றிச் செய்வது

பழைய ஃப்ரீமாண்டில் வேலைப் பிரிவுகள் டஜன் கணக்கில் இருந்தன. ஒரு பிரிவைச் சேர்ந்தவர் மற்றதைத் தொடக் கூடாது. நம்மியில் உற்பத்தித் தொழிலாளர் எல்லாருக்கும் ஒரே பிரிவு. குழுவுக்குள் இடம் மாற்றி மாற்றி நிற்பார்கள். வேலையின் படிநிலைகளை எழுதியதும், ஸ்டாப்வாட்சைப் பிடித்து நேரம் பார்த்ததும் அதே குழுவினர்தான்; பேன்ட் கசங்காத இன்ஜினியர் ஒருவர் தூணுக்குப் பின்னால் நின்று குறித்தது அல்ல.

இதைச் செய்ய ஒரு சுவர்ப் படம் போதும். மேலே வேலைகளின் பெயர், பக்கவாட்டில் ஆட்களின் பெயர், நடுவில் ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் கால் வட்டம் கறுப்பு. பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்வார் என்றால் அரை. தனியாகச் செய்வார் என்றால் முக்கால். பிறருக்குக் கற்றுக்கொடுப்பார் என்றால் முழு வட்டம். எந்த வேலைக்கும் மூன்று பேராவது முக்கால் வட்டத்தில் இருக்க வேண்டும், எந்த ஆளும் மூன்று வேலையிலாவது முக்கால் வட்டத்தை எட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு லீவு லைனைக் கவிழ்க்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் தோள், மணிக்கட்டு, இடுப்பு என்று வலியும் ஒரே இடத்தில் சேராது.

இதன் பெரிய பலன் வேறு. நேற்று அந்த இடத்தில் நின்றவருக்குத்தான் தான் சரியாக மாட்டாத கிளிப் அடுத்த ஆளை என்ன பாடு படுத்துகிறது என்று தெரியும். 'அது என் வேலை இல்லை' என்ற சொல் அறிவுரையால் போகாது. அந்த வேலையை ஒருமுறை செய்து பார்த்தால் போகும்.

காலை ஷிஃப்ட் மீட்டிங் பற்றிச் சுருக்கமாக. லைன் பக்கத்திலேயே, நின்றபடி, ஐந்து நிமிடம். நேற்று நம் குழுவிலிருந்து தப்பிப் போன குறை என்ன, இன்று யார் வரவில்லை, அவர் இடத்தில் யார், இன்று பாகத்திலோ மாடலிலோ என்ன மாற்றம், எங்கே அடிபட வாய்ப்பு. இவ்வளவுதான். பத்து நிமிடத்தைத் தாண்டினால் அது உரையாகிவிட்டது என்று அர்த்தம். ஒருவர் மட்டும் பேசினால் அதை மீட்டிங் என்று எழுத வேண்டாம்.

'யார்' என்பதிலிருந்து 'ஏன்' என்பதற்கு

கயிறு இழுபட்ட பிறகு நடக்கும் பேச்சைக் கொஞ்சம் கிட்டத்தில் கேட்போம். நம் ஊர் ஆலை என்றே வைத்துக்கொள்வோம்.

"போல்ட் ஏன் தம்பி கோணலாப் போச்சு?"

"டூலைச் சாய்ச்சுப் பிடிச்சுட்டேண்ணே."

பல இடங்களில் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். 'ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்று ஃபாரத்தில் ஏறும். கையெழுத்து வாங்குவார்கள். அடுத்த வாரம் வேறு ஆள், அதே போல்ட்.

"ஏன் சாய்ச்ச?"

"நேராப் பிடிச்சா தூண்ல இடிக்குதுண்ணே."

"முன்னாடி இடிக்கலையே?"

"போன வாரம் டூல் மாத்தினாங்க. இது ரெண்டு விரல்கடை நீளம் ஜாஸ்தி."

"நீளமான டூலை ஏன் குடுத்தாங்க?"

"பழசு ரிப்பேருக்குப் போயிருக்கு. ஸ்டோர்ல இதுதான் இருந்துச்சாம்."

"மாத்து டூல் ஏன் அதே அளவுல இல்ல?"

தம்பிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இனி ஸ்டோருக்கு நடக்க வேண்டியவர் லீடர். ஐந்து முறை ஏன் கேட்பது என்று இதைச் சொல்வார்கள். எண்ணிக்கை முக்கியமல்ல, மூன்றிலும் முடியலாம், ஏழிலும் முடியலாம். கேள்வி ஆளிடமிருந்து நகர்ந்து டூலுக்கு, டூலிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து வாங்கும் முறைக்குப் போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. குரலும் முக்கியம். இதே ஐந்து கேள்வியை போலீஸ் விசாரணைத் தொனியில் கேட்டால் இரண்டாவது பதிலிலேயே பொய் தொடங்கிவிடும்.

மென்று விழுங்கிச் சொல்வது

கயிறு இல்லாத வேலையிடங்களில் வாய்தான் கயிறு. அங்கே சிக்கல் இன்னும் நுட்பமானது.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் 173 என்ற விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்று சந்தேகம் வந்தது. அதை ஆராய்ந்தபடியே கேப்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் சுற்றினார். எரிபொருள் குறைவது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவும் செய்தார்கள், ஆனால் அழுத்தமாகச் சொல்லவில்லை. கேப்டன் காதில் அது அபாயமாக விழவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு ஒன்று இருந்தது உண்மை. விமானத்தை வீழ்த்தியது அதுவல்ல. அதன் பிறகே 1981-இல் யுனைடெட் விமான நிறுவனம் விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் பேசுவதையும் கேட்பதையும் ஒரு பாடமாகச் சொல்லித்தரத் தொடங்கியது. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயப் பாடம்.

நம் அலுவலகங்களில் இதன் உள்ளூர் வடிவம் எல்லாருக்கும் தெரியும். "சார், ஒரு சின்ன டவுட்டு சார், ஒண்ணும் பெரிசா இல்ல..." என்று தொடங்கும் வாக்கியம் முடிவதற்குள் சார் ஃபோனைக் கையில் எடுத்திருப்பார். மரியாதை குறையாமல் அழுத்தத்தை மட்டும் கூட்ட மூன்று படிகளைப் பழக்கலாம். முதலில், "எனக்குக் கவலையா இருக்கு சார்" என்று சொல்லிக் காரணத்தை ஓர் எண்ணோடு சொல்வது: பிரஷர் 80-க்குக் கீழே போய்விட்டது, துணி இன்னும் 200 மீட்டர்தான் இருக்கிறது. கேட்கவில்லையா, "இது எனக்குச் சரியாப் படலை." அப்படியும் கேட்கவில்லையா, "இது ஆபத்து, நிறுத்தணும்." மூன்றாவது வாக்கியம் வந்தால் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கையிலிருப்பதை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பயிற்சியைக் கொடுத்து மேலே இருப்பவர்களை விட்டுவிட்டால் வீண்.

குறை அதிகம் தெரிகிற குழு

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கிடைத்தது நேர்மாறு, நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களின் பதிவேட்டில்தான் தவறுகள் அதிகம். நோண்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்தக் குழுக்கள் நடந்ததை வெளியே சொல்கின்றன. மற்றவை மறைக்கின்றன. பேசினால் அவமானப்படுத்த மாட்டார்கள், பழிவாங்க மாட்டார்கள் என்று குழுவில் உள்ளவர்கள் பொதுவாக நம்பும் நிலைக்கு 1999-இல் அவர் எழுதிய ஆய்வுக்குப் பிறகு உளப் பாதுகாப்பு என்ற பெயர் பரவலாயிற்று.

புதிதாகக் குழு முறையைத் தொடங்கும் முதலாளிகள் தடுமாறும் இடம் இது. முதல் இரண்டு மாதம் குறைகளின் எண்ணிக்கை எகிறும். 'பழையபடி இருந்ததே தேவலை' என்று தோன்றும். குறை அதிகமாகவில்லை, இத்தனை நாள் மூடியிருந்தது திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் 'எந்த லைனில் கயிறு குறைவாக இழுக்கிறார்களோ அந்த லைனுக்குப் பரிசு' என்று யாராவது அறிவித்தால் கதை முடிந்தது. ஒரே வாரத்தில் எல்லா லைனும் பரிசு வாங்கும்.

நம் ஊர்ப் பக்கம்

இதெல்லாம் ஜப்பானுக்குத்தான் சரிப்படும் என்று சொல்வது சுலபம். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் நிறுவனம் அது. 2002-இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. எல்லா மட்டத்து ஊழியர்களும் சேர்ந்து தரத்தை மேம்படுத்துகிறார்களா என்பதை நுணுக்கிப் பார்த்துக் கொடுக்கும் பரிசு. நம் ஆட்களால் முடியாது என்ற பேச்சுக்கு அப்போதே பதில் வந்துவிட்டது.

நமக்கே உரிய இடையூறு ஒன்று உண்டு. ஒரே லைனில் பெர்மனென்ட், ட்ரெய்னி, கான்ட்ராக்ட் என்று மூன்று வகை ஆட்கள், மூன்று நிறச் சட்டை, மூன்று விதச் சம்பளம். கான்ட்ராக்ட் ஆள் கயிற்றை இழுத்தால் நாளை மேஸ்திரியிடமிருந்து "வர வேணாம்" என்று ஃபோன் வரலாம். அவர் ஏன் இழுப்பார்? ஒரு குழுவில் பாதிப் பேர் பேச முடியாத நிலையில் இருந்தால் மீதிப் பாதியின் பேச்சை வைத்துக் கலாச்சாரத்தை அளக்க முடியாது. சட்டை நிறத்தை ஒன்றாக்குவது மலிவான முதல் படி. கோளாறைச் சொன்னதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தத்திலேயே எழுதுவது அடுத்த படி. சம்பள வித்தியாசம் தீராதவரை முழுத் தீர்வு என்று இதைச் சொல்ல மாட்டோம்.

பீஸ் ரேட்டும் அப்படித்தான். திருப்பூர்த் தையல் லைன் ஒன்றில் ஆளுக்கு ஆள் பீஸ் கணக்கு என்றால், பக்கத்து மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருப்பதைப் பார்த்து எழுந்து போகிறவருக்கு அது நஷ்டம். ஊக்கத்தொகையின் ஒரு பங்கையாவது லைன் மொத்தத்துக்கும், அதுவும் குறையில்லாத பீஸுக்கு மட்டும் என்று மாற்றாமல், உதவி மனப்பான்மை பற்றி வகுப்பு எடுப்பதில் பலன் இல்லை.

சின்ன இடத்தில் தொடங்குவது

மொத்த ஆலையிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு லைன், ஒரு வார்டு, ஒரு அலுவலகப் பிரிவு, எட்டு வாரம். ஐந்து முதல் ஏழு பேர், அவர்களில் வேலை தெரிந்த, குரல் உயர்த்தாத ஒருவரை லீடராக எடுத்து லைனிலிருந்து விடுவியுங்கள். கூப்பிட்டால் ஒரு நிமிடத்துக்குள் அவர் அங்கே நிற்க வேண்டும். வந்ததும் முதல் வார்த்தை "சொன்னது நல்லதாப் போச்சு, காட்டு" என்பதாக இருக்கட்டும். முதலில் செயற்கையாகத்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும். கயிறும் விளக்கும் வாங்கக் காசில்லை என்றால் ஒரு சிவப்புக் கொடியும் ஒரு மணியும் போதும். கம்ப்யூட்டர் வேலை என்றால் குழுவின் சாட்டில் 'தடை' என்று ஒரே சொல். யோசனைப் பெட்டி வைப்பதாக இருந்தால் போட்ட சீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும், முடியாது என்ற பதிலாக இருந்தாலும் காரணத்தோடு. பூட்டிய பெட்டியில் தூசி படிவதைவிடப் பெட்டியே இல்லாதது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். குழு என்ற ஏற்பாட்டை ஆளைப் பிழியவும் பயன்படுத்தலாம். நம்மியையே 'மன அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம்' என்று விமர்சித்தவர்கள் உண்டு. அங்கே 1993 மாடலுக்கு மாறிய சமயத்தில் உடல் வலியும் காயமும் கூடி, மாநிலப் பணிப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுக்கும் அளவுக்குப் போனது. மாற்று ஆள் இல்லாமல் குழுவை ஓட்டினால், லீவு எடுக்கிறவர்மேல் மேலாளரின் கோபம் வராது, கூட நிற்பவர்களின் கோபம் வரும். அது இன்னும் மோசம். காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவரை 'டீம் ஸ்பிரிட்' என்று மீட்டிங்கில் பாராட்டத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் ஆள் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

எட்டு வாரமும் ஒரு பலகையில் இரண்டே கணக்கு எழுதினால் போதும்: இன்று எத்தனை தடவை கூப்பிட்டார்கள், அதில் எத்தனை தடவை ஒரு நிமிடத்துக்குள் ஆள் வந்தார். முதல் எண் கூடிக் குறையும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாவது எண் குறைந்தால் அன்றைக்கே லீடர் எங்கே மாட்டிக்கொண்டார் என்று பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து முதல் எண் பூஜ்யம் என்று வந்தால், கைதட்ட வேண்டாம். நேராக லைனுக்குப் போய், நாலாவது போல்ட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.